தாளில் 14, கையில் 10.5: டீசல் பிக்கப்பின் மைலேஜ் எங்கே போகிறது?

மூன்று லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய பிக்கப் வண்டியை எட்டு மாதங்களுக்கு முன்பு வாங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார்: "நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், நகரத்தில் 10 என்று வண்டியோடு வந்த தாளில் இருக்கிறது. வண்டியின் திரை 11.3 என்கிறது. நானே கணக்குப் போட்டால் 10.5-ஐத் தாண்டுவதில்லை. என் ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நெடுஞ்சாலை. அங்கே 110 கிலோமீட்டர் வேகத்தில் போவேன். வாங்கிய மறுமாதம் டயர்களை 265/70 ஆர் 17 அளவிலிருந்து 285/70 ஆர் 17-க்கு மாற்றினேன். எஞ்சினில் கோளாறா? புகை வடிகட்டியைக் கழற்றி மென்பொருளை மாற்றினால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?"

எஞ்சினில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வடிகட்டியில் கை வைக்காதீர்கள். காணாமல் போன மூன்றரை கிலோமீட்டரில் பெரும்பகுதி எங்கே போனது என்பதை நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நான் இருபது ஆண்டுகளாக டீசல் பிக்கப் ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்த நோட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: மைலேஜ் வண்டியின் குணம் என்பதைவிட அந்தப் பயணத்தின் குணம். ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், ஒரே சாலை என்றாலும் போகும்போது ஒரு கணக்கும் திரும்பும்போது வேறு கணக்கும் வரும்.

முதலில் அளவுகோலை மாற்றிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பழகிவிட்டோம். ஆனால் கூட்டிக் கழித்துக் கணக்குப் பார்க்க அது ஏற்றதல்ல. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 8 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 10 கொடுத்தால், 100 கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர் மிச்சம். 14 கொடுத்த வண்டி 16 கொடுத்தால், மிச்சம் ஒரு லிட்டர்கூட இல்லை. இரண்டிலும் "இரண்டு கிலோமீட்டர் கூடியது" என்றுதான் சொல்வோம். சுமை இழுக்கும்போது மைலேஜ் 7-இலிருந்து 6-க்கு இறங்குவதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 100 கிலோமீட்டருக்கு அது 2.4 லிட்டர் கூடுதல் செலவு.

இந்த அளவுகோலில் உங்கள் தாள் சொல்வது நெடுஞ்சாலைக்கு 7.1 லிட்டர், நகரத்துக்கு 10 லிட்டர். உங்கள் ஓட்டம் மூன்றில் இரண்டு பங்கு அதிலும் ஒரு பங்கு இதிலும். கலந்து பார்த்தால் 8.1 லிட்டர், அதாவது லிட்டருக்கு 12.4 கிலோமீட்டர். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டிய எண் 14 அல்ல, 12.4. இந்த ஒரு திருத்தத்திலேயே மூன்றரையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அடங்கிவிட்டது. நகர ஓட்டத்தை மறந்துவிட்டு, நெடுஞ்சாலை எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஏமாற்றம் அடைபவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

அடுத்தது டயர். 265/70 ஆர் 17 டயரின் குறுக்களவு சுமார் 803 மில்லிமீட்டர். 285/70 ஆர் 17 டயருக்கு 831. புதிய டயர் ஒரு சுற்றுக்கு மூன்றரை சதவீதம் அதிக தூரம் உருள்கிறது. தூரத்தை எண்ணும் ஓடோமீட்டருக்கோ அது தெரியாது. அது சுற்றுகளை எண்ணி, பழைய டயரின் அளவால் பெருக்குகிறது. ஓடோமீட்டரில் 100 கிலோமீட்டர் ஏறும்போது நீங்கள் உண்மையில் 103.5 கிலோமீட்டர் போயிருக்கிறீர்கள். எனவே உங்கள் 10.5 உண்மையில் 10.9. இந்த அளவு டீசல் எங்கேயும் போகவில்லை, தூரம்தான் கணக்கில் ஏறவில்லை. வேகமானியும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். முள் 110-இல் நிற்கும்போது வண்டி அதைவிடக் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கலாம். கைப்பேசியின் ஜிபிஎஸ்-ஐ ஓட விட்டு, நேரான நீண்ட சாலையில் 50 கிலோமீட்டர் ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் வண்டிக்கான சரியான பெருக்கெண் கிடைத்துவிடும்.

திரை காட்டும் 11.3-ஐ நம்பவேண்டாம். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதை வைத்து வண்டியின் கணினி டீசலை மதிப்பிடுகிறது. அது மதிப்பீடே, அளவீடு அல்ல. என் வண்டிகளில் திரை எப்போதும் நான்கு முதல் எட்டு சதவீதம்வரை கூட்டியே காட்டியிருக்கிறது. அதைப் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். இன்றைய ஓட்டத்தை நேற்றைய ஓட்டத்தோடு ஒப்பிட அது மிக நன்றாக உதவும். வேறு வண்டியோடு ஒப்பிட உதவாது.

உண்மையான எண் டேங்கிலிருந்துதான் வரவேண்டும், அதிலும் டீசலுக்கு ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு: நுரை. பம்ப் முழு வேகத்தில் ஊற்றும்போது டீசல் நுரைத்துக்கொண்டு கழுத்துவரை ஏறி, டேங்க் நிறைவதற்கு முன்பே குழாயைத் தானாக நிறுத்திவிடும். நீங்கள் நிறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுவீர்கள். ஒரு நிமிடம் நின்று கழுத்துக்குள் பாருங்கள். பழுப்பு நுரை குமிழ் குமிழாக உடைந்து இறங்கிக்கொண்டே போகும். நுரை அடங்கிய பிறகு மெதுவாக ஊற்றினால் இன்னும் இரண்டு மூன்று லிட்டர் இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 60 லிட்டர் கணக்கில் மூன்று லிட்டர் பிசகினால் ஐந்து சதவீதம் பிழை. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யுங்கள்: வண்டி சமதளத்தில் நிற்கட்டும், பம்ப்பை மெதுவான வேகத்தில் வையுங்கள், முதல் முறை தானாக நின்ற பிறகு ஒரு நிமிடம் காத்திருந்து, இரண்டாவது முறை நின்றதும் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் கழுத்துவரை திணிக்க வேண்டாம். டீசல் சூட்டில் விரியும், அதற்கு இடம் வேண்டும். ஒரு டேங்க் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஐந்து டேங்குகளின் மொத்த லிட்டரையும் மொத்தத் தூரத்தையும் வைத்து வகுத்தால் முன்னும் பின்னுமான பிசகுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: வேகம். பிக்கப் என்பது உயரமான, தட்டையான முகம் கொண்ட வண்டி. காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் எதிர்ப்பு ஏறக்குறைய 78 சதவீதம் கூடுகிறது. 2,200 கிலோ எடை, மூன்று சதுர மீட்டர் முகப்பு, 0.42 காற்றுத்தடைக் குணகம், சாதாரண டயர் என்று ஒரு நடுத்தர பிக்கப்பை எடுத்து நான் கணக்கிட்டேன். டீசலில் இருக்கும் ஆற்றலில் 32 சதவீதம் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டேன். சமதளத்தில், காற்றில்லாத நாளில், சீரான வேகத்தில் 100 கிலோமீட்டர் போக 90 வேகத்தில் 6.2 லிட்டர், 100-இல் 7.2, 110-இல் 8.2, 120-இல் 9.4, 130-இல் 10.7 லிட்டர் வருகிறது. லிட்டருக்கு என்று சொன்னால் 16, 14, 12, 10.6, 9.4 கிலோமீட்டர். வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும். சரியும் விதம் மாறாது. 90-இலிருந்து 120-க்குப் போகிறவர், 300 கிலோமீட்டர் பயணத்தில் ஐம்பது நிமிடம் மிச்சம் பிடிக்கிறார். அதற்கு ஒன்பதரை லிட்டர் டீசல் கொடுக்கிறார். அந்த ஐம்பது நிமிடம் தேவைப்படும் நாட்கள் உண்டு, மறுக்கவில்லை. தேவைப்படாத நாட்களிலும் பழக்கத்தால் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

உங்கள் தாளில் உள்ள 14, இந்தக் கணக்கில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. நீங்கள் போவது 110. நெடுஞ்சாலைப் பகுதியில் 100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கூடுகிறது. மொத்த ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால் அது 0.7 லிட்டர். 8.1-உடன் 0.7 சேர்த்தால் 8.8. டயர் திருத்தத்துக்குப் பிறகு உங்கள் உண்மைச் செலவு 9.2. இன்னும் விளக்கவேண்டியது 100 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர் மட்டுமே. அது கைக்கு அடங்கும் அளவு.

அந்த 0.4-இல் ஒரு பகுதி புதிய டயரின் உருளல் எதிர்ப்பு. அகலமான, ஆழமான வெட்டுகள் கொண்ட டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நெளிந்து சூடாகிறது; அந்தச் சூடு உங்கள் டீசல்தான். காற்றழுத்தம் குறைந்திருந்தால் இன்னும் மோசம். இன்னொரு பகுதி டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டியின் சுத்திகரிப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மைலேஜ் காரணமே இல்லாமல் ஏறி இறங்குகிறது என்று கவலைப்படும் பலருக்கும் உண்மைக் காரணம் இதுதான்.

டீசல் எரிந்த கரி வடிகட்டியில் சேர்ந்துகொண்டே வரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலைப் பிந்திய நேரத்தில் செலுத்தி, வெளியேறும் புகையின் வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றி அந்தக் கரியை எரிக்கும். அந்த டீசல் வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை. பல வண்டிகளில் இதற்கு எந்த விளக்கும் எரியாது. ஆனால் கவனித்தால் தெரியும்: சிக்னலில் நிற்கும்போது எஞ்சினின் சுற்று வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும், திரையில் உடனடி மைலேஜ் சட்டென்று சரியும், வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் முன்னால் விசிறி இரைந்துகொண்டிருக்கும், அடியிலிருந்து சூடான உலோக வாடை வரும். அப்படி இருக்கும்போது நிறுத்திவிட்டீர்கள் என்றால் சுத்திகரிப்பு பாதியில் நிற்கிறது; அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து சூடாக்க வேண்டும்.

ஒரு சுத்திகரிப்புக்கு அரை லிட்டர் கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட தூரம் ஓடும் வண்டி 600 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தால் அது ஒரு சதவீதச் செலவு, கண்ணுக்கே தெரியாது. ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி ஐந்து கிலோமீட்டர் போகும் வண்டி 150 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தால் நான்கு சதவீதம். பாதியில் அறுபட்ட சுத்திகரிப்புகளில் எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயிலும் கலக்கும், அது எஞ்சினுக்குக் கேடு. எனவே வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். சுத்திகரிப்பு நடப்பது தெரிந்தால், பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஓட்டி அது முடிந்த பிறகு நிறுத்துங்கள்.

வடிகட்டியைக் கழற்றுவது பற்றிக் கேட்டீர்கள். மைலேஜ் சற்றுக் கூடும் என்பது பொய்யல்ல. வடிகட்டியும், புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் மறுசுழற்சியும் இல்லாத எஞ்சின் மூச்சு விடுவது எளிது. அமெரிக்காவில் 2007-இல் மாசு விதிகள் இறுகியபோது, பிக்கப்களுக்கான கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினுக்குப் பதிலாக வடிகட்டியோடு 6.7 லிட்டர் எஞ்சின் வந்தது. பழைய எஞ்சினின் மைலேஜை நினைத்து ஏங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வடிகட்டி பிடித்து வைப்பது நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் நுண்துகளை. உங்கள் வண்டிக்குப் பின்னால் வரும் இருசக்கர வாகனத்தில் பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். ஐந்து சதவீத டீசலுக்காக அதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை, நீங்களும் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை: அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது சட்டவிரோதம். ராம் 2500, 3500 பிக்கப்களின் எஞ்சின்களில் மாசுக் கட்டுப்பாட்டைத் தவிர்க்கும் மென்பொருள் இருந்ததாகக் கூறப்பட்ட வழக்கில், கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

வேறொரு செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும். உங்கள் வண்டி, புகையின் நச்சைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் வகையாக இருந்தால், டீசலின் அளவில் சில சதவீதம் அந்தக் கரைசலும் செலவாகும். மைலேஜ் எண்ணில் அது வராது, பணப்பையில் வரும். சுமை இழுக்கும்போது அதுவும் கூடுதலாகவே இறங்கும்.

சுமை இழுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிக்கப் வாங்கியவர் இன்றில்லாவிட்டால் நாளை ஒரு டிரைலரைக் கோர்ப்பார். அப்போது வரும் மைலேஜைப் பார்த்துத் திகைக்காமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் முதலில் எடையைத்தான் கேட்பார்கள். சமதள நெடுஞ்சாலையில் எடையைவிட உருவமே டீசலைத் தின்கிறது. என் நோட்டில் அடுத்தடுத்து இரண்டு பதிவுகள் இருக்கின்றன. முதலாவது, இரும்புக் கம்பிகள் ஏற்றிய தாழ்வான தட்டை டிரைலர். வண்டியும் சுமையும் சேர்ந்து ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. 90-இல் போனேன், லிட்டருக்கு 9.8 கிலோமீட்டர் வந்தது. அடுத்த மாதம் வீட்டுச் சாமான் ஏற்றிய உயரமான மூடிய பெட்டி டிரைலர். எல்லாம் சேர்ந்து நான்கு டன். எடை ஏறக்குறைய ஒரு டன் குறைவு, வேகம் 95. போகும்போது வந்தது 6.3. பெட்டியின் முகப்பு வண்டியின் கூரைக்கு மேல் ஒரு மனிதனின் இடுப்பளவு உயர்ந்து நின்றது. வண்டி பிளந்துவிட்ட காற்றில் அது ஒளிந்துகொள்ளவில்லை, தன் பங்குக்கு இன்னொரு சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. அன்று எதிர்க்காற்றும் இருந்தது. சாலையோரப் புல் முழுவதும் என்னை நோக்கிச் சாய்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. மறுநாள் அதே பெட்டியை, அதே சுமையோடு, வேறிடத்தில் இறக்குவதற்காக வந்த வழியே திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. காற்று முதுகில். 9.1 வந்தது. ஒரே வண்டி, ஒரே பெட்டி, ஒரே எடை.

இது ஏன் என்பது எளிது. காற்று எதிர்ப்புக்குக் கணக்கு வண்டியின் வேகம் அல்ல, காற்றைச் சந்திக்கும் வேகம். 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 95-இல் போவதென்றால் முகப்பு 110-ஐச் சந்திக்கிறது. அதே காற்று பின்னால் வந்தால் 80-ஐ. 110-இன் வர்க்கத்துக்கும் 80-இன் வர்க்கத்துக்கும் இடையே இரு மடங்குக்கு அருகில் வித்தியாசம். அதனால்தான் மைலேஜைச் சோதிப்பவர்கள் போன வழியிலேயே திரும்பியும் வரவேண்டும் என்கிறேன். ஒருவழிப் பயணத்தின் எண்ணைப் பெருமையாகச் சொல்பவரிடம் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேளுங்கள்.

எடை தன் விலையைக் கேட்கும் இடங்கள் இரண்டு: ஏற்றமும் நிறுத்தமும். 2,200 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏறினால், தூரத்துக்கான செலவு போக, தூக்குவதற்கு மட்டும் சுமார் 1.9 லிட்டர் டீசல் வேண்டும். பின்னால் மூன்று டன் டிரைலர் இருந்தால் நாலரை லிட்டர். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பிரேக் பிடித்தால் அது சூடாகிக் காற்றில் போய்விடும். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு இறங்கினால் எஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டு இறங்குவது சிக்கனம் என்று நினைப்பது தவறு: அப்போது எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும், பிரேக்கும் சூடேறும், ஆபத்தும் கூட. நிறுத்தத்தின் விலை இது: 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் இந்த வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்தி மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர 75 மில்லிலிட்டர் டீசல். 50-இலிருந்து என்றால் 20 மில்லிலிட்டருக்குக் குறைவு. தொலைவில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிடும் ஓட்டுநருக்கும், கடைசிவரை மிதித்துப் பிறகு பிரேக் பிடிப்பவருக்கும் நகர மைலேஜில் தெரியும் வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

தாளில் இருக்கும் எண் பொய்யா என்றால், இல்லை. அது ஒரு குறிப்பிட்ட சோதனையின் விடை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பழைய நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர்தான், உச்சம் 97. அது நிஜத்துக்கு ஒத்துவரவில்லை என்பதால் 2008 மாடல் ஆண்டிலிருந்து 129 கிலோமீட்டர்வரை போகும் வேகமான ஓட்டம், ஏசி போட்ட ஓட்டம், குளிரில் கிளப்பும் ஓட்டம் ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து சோதனைகளின் அடிப்படையில் எண்ணைத் தருகிறார்கள். ஐரோப்பாவின் பழைய என்இடிசி சோதனை வெறும் 11 கிலோமீட்டர், சராசரி 34 கிலோமீட்டர் வேகம். அதற்குப் பதிலாக 2017-இல் வந்த டபிள்யூஎல்டிபி சோதனை 23 கிலோமீட்டர், உச்சம் 131. பழைய சோதனையின் எண்ணையும் புதிய சோதனையின் எண்ணையும் பக்கத்தில் வைத்து "புதிய மாடல் மோசம்" என்று முடிவு கட்டாதீர்கள். இவற்றில் எதிலும் டிரைலர் கிடையாது. அமெரிக்காவில் மொத்த எடைத் தகுதி 3,856 கிலோவுக்கு மேல் உள்ள ராம் 2500, ஃபோர்டு எஃப்-250 போன்ற பெரிய பிக்கப்களுக்கு மைலேஜ் தாளே ஒட்டுவதில்லை. அந்த விதி அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றை வாங்குபவர்களுக்கு மற்ற உரிமையாளர்களின் கணக்கே துணை.

காலன் கணக்கில் எழுதியிருப்பதைப் படித்தால் எந்த காலன் என்று பாருங்கள். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546. பிரிட்டிஷ் கணக்கில் 30 மைல் கொடுக்கும் வண்டி அமெரிக்கக் கணக்கில் 25 மைல்தான் கொடுக்கும்.

பெட்ரோல் வண்டியோடு ஒப்பிடுவதாக இருந்தால் ஒரு நேர்மையான திருத்தம் தேவை. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய 12 சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவும் 2.68 கிலோ, பெட்ரோலுக்கு 2.31. ஆகவே டீசலின் கூடுதல் மைலேஜில் ஒரு பகுதி எஞ்சினின் திறமை அல்ல, எரிபொருளின் அடர்த்தி. அதற்கு மேல் வருவது உண்மையான திறமை: பெட்ரோல் எஞ்சினில் போலக் காற்றை நெரிக்கும் தடுப்பு டீசல் எஞ்சினில் பெரும்பாலும் குறுக்கே நிற்பதில்லை, உள்ளே வந்த காற்றை அழுத்தும் விகிதமும் அதிகம். நல்ல சுமையில் டர்போ டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றும். காலியாக, மெதுவாக ஓடும்போது அந்த விகிதம் மிகவும் இறங்கிவிடும். பெரிய டீசல் எஞ்சினை வாங்கி வெறும் வண்டியாக நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர், அதற்கான விலையைக் கொடுத்துவிட்டு அதன் பலனை அனுபவிப்பதில்லை. வாரம் இருமுறை சுமை இழுப்பவருக்கு அது ஒவ்வொரு லிட்டரிலும் திரும்பக் கிடைக்கிறது.

சில்லறை விஷயங்கள். பின்பலகையைத் திறந்து வைத்து ஓட்டினால் காற்று தாராளமாகப் போகும் என்பது தவறான எண்ணம். மூடியிருக்கும்போது சரக்குப் பெட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருவாகி, மேலே வரும் காற்றை வழுக்கி அனுப்புகிறது. திறந்தால் அந்தச் சுழல் உடைகிறது. பெட்டியின் மேல் மூடி போட்டால் சிறிது பயன் உண்டு. கூரை மேல் ஏற்றும் கம்பிச் சட்டத்தைத் தேவையில்லாதபோது கழற்றுங்கள். டீசலில் ஊற்றும் மைலேஜ் திரவங்களால் என் நோட்டில் எந்த மாற்றமும் வந்ததில்லை. குளிர்ந்த நாளில் மைலேஜ் இறங்குவது இயல்பு: 30 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரியில் காற்று 11 சதவீதம் அடர்த்தி.

இனி நீங்கள் செய்யவேண்டியது. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். நெடுஞ்சாலையில் வேகமானியின்படி அல்ல, ஜிபிஎஸ் கணக்கில் 100-இல் க்ரூஸ் கண்ட்ரோலைப் பூட்டி ஐந்து டேங்க் ஓட்டுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். என் கணக்குப்படி ஓடோமீட்டர் தூரத்தை வைத்து வகுத்தால் 11.4-க்கு அருகில், டயர் திருத்தத்தோடு 11.8-க்கு அருகில் வரவேண்டும். வந்தால் உங்கள் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது.

வேகத்தைக் குறைத்தும் 10.5-இலேயே நின்றால் அப்போது வண்டியைப் பார்க்கவேண்டும், இந்த வரிசையில் பாருங்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிரேக் அதிகம் பிடிக்காமல் இறங்கி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சூடுமுள் அரை மணி நேரத்துக்குப் பிறகும் வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை என்றால், எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கலாம். குளிர்ந்த எஞ்சின் டீசலை வீணாக்கும், வடிகட்டிச் சுத்திகரிப்பையும் முடிக்க விடாது. மிதிக்கும்போது புதிதாக விசில் போன்ற இரைச்சல் கேட்டால் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய்களின் இணைப்புகளைப் பாருங்கள். கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பணிமனைக்குப் போய், கடைசிப் பத்துச் சுத்திகரிப்புகள் எத்தனை கிலோமீட்டர் இடைவெளியில் நடந்தன என்று கணினியில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்திருந்தால், இன்ஜெக்டர்களைச் சோதிக்கச் சொல்ல உங்கள் கையில் காரணம் இருக்கும்.